கதை வேண்டாம் என்றவர்

எங்கள் அறையில் யாருடைய பெயரையும் வெளியே கொண்டுபோவதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து மனதைத் திறப்பவர்களின் பெயர் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அந்தப் பழக்கத்தில் இவருடைய பெயரையும் எழுதாமல் விடுகிறேன். எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், கூச்சப்படுவார். நாங்கள் அவரை சார் என்போம். அவர் என்னை அக்கா என்பார். என்னைவிட எட்டொன்பது வயது சின்னவர்.

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில்தான் எங்கள் ஆலோசனை மையம். கொடுமைக்கு ஆளான பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள். சிலரைப் போலீஸ் அனுப்பும், சிலரை ஆஸ்பத்திரி அனுப்பும், சிலர் மார்க்கெட்டுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் நாங்கள் நான்கு பெண்கள். நான் நீண்ட காலம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, அஞ்சல் வழியில் படித்து இதற்கு வந்தவள். நால்வரில் இளையவள் செல்வி. அரியக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அப்போதுதான் படிப்பு முடித்திருந்தாள்.

கேட்கிறவர்களைக் கவனிக்கவும் ஒருவர் வேண்டும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இத்தனை துயரத்தைக் காதில் வாங்கிக்கொண்டு நாங்கள் என்ன ஆகிறோம், எங்கே தடுமாறுகிறோம் என்று உட்கார்ந்து கேட்பதற்கென்றே ஒருவர் இருப்பார், அதற்கு சூப்பர்விஷன் என்று பெயர் என்றார்கள். மாதத்தில் இரண்டு புதன்கிழமை மதுரையிலிருந்து சூப்பர்வைசர் வருவார் என்று தகவல் வந்ததும், கூட்டிப் பெருக்கும் அம்மா கொல்லைப்புறம் வரைக்கும் கழுவிவிட்டார். செல்வி இஸ்திரி போட்ட புடவையில் வந்தாள். கட்டட வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி மாதிரி யாரோ வந்து குறை கண்டுபிடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வந்தவர் ஒல்லியான ஆள். தோளில் ஒரு துணிப்பை, அதில் தண்ணீர் பாட்டிலும் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கொய்யாப்பழமும். பெருக்கும் அம்மா அவரிடமே, "சூப்பர்வைசர் பின்னால வர்றாராய்யா?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்காரும்மா" என்றார் அவர். பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டார்.

அந்த முதல் நாளே செல்விக்கு அவர் மேல் வருத்தம் வந்துவிட்டது. அவளிடம் ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். செல்வி அந்தப் பிள்ளைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எந்த வீடு, யார், கதவு எப்படிச் சாத்தியது என்று சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. நாங்கள் மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சார் வலது கையை மெதுவாக உயர்த்தினார், வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதுபோல.

"கதை வேணாம்மா."

செல்வி நிறுத்தினாள். "அப்ப எதைச் சார் சொல்றது?"

"அந்தப் புள்ள இதைச் சொல்றப்ப நீங்க எங்க இருந்தீக?"

"எதிர்த்தாப்புலதான் இருந்தேன்."

"இருந்தீகளா?"

செல்வி சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "இல்ல சார்" என்றாள் கடைசியில். "சன்னல் வழியாப் பக்கத்து வீட்டுக் கொடியில காயுற துணியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எத்தனை துணின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ளயும் பேச்சை நிறுத்திருச்சு."

"இது சேதி" என்றார் அவர். "இதைப் பத்திப் பேசுவோம். அந்தப் புள்ளைக்கு நடந்தது அந்தப் புள்ளையோடது. ஒங்களை நம்பிக் குடுத்தது. அதை இங்க விரிச்சுப் போட்டா நாலு பேரு நாலு வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போவீக. யாருக்கு என்ன புண்ணியம்? ஆபத்து ஏதும் இருந்தாச் சொல்லுங்க. மத்தபடி ஒங்களைப் பத்திச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் செல்வி என்னிடம், "அவருக்குக் கேக்கப் பிடிக்கலக்கா. சோம்பேறித்தனம்" என்றாள். ஆனால் அடுத்த வாரம் அந்தச் சிறுமி முழுசாகப் பேசி முடித்தாள். செல்வி துணி எண்ணவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேச அவள் விட்டதில்லை.

அந்த உயர்ந்த கைதான் எனக்கு இன்றைக்கும் அவர். மணிக்கட்டில் வெள்ளி நிறக் கடிகாரம், சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்திருப்பார். கை உயர்ந்தால் கடுமை இருக்காது. ரோட்டைக் கடக்கிற குழந்தைக்காக வண்டியை நிறுத்துகிற மாதிரி இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவர் வேலைப் பேச்சே எடுக்க விடமாட்டார். என் வெண்டைக்காய் மண்டியை ஒருமுறை சாப்பிட்டுவிட்டு, அரிசி கழுவின தண்ணியில் எப்போது புளி கரைத்து விடுவது, மொச்சையை எப்போது போடுவது என்று ஒரு வழக்கறிஞர் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்தார். யாராவது பேப்பரில் வந்த விபத்தைப் பற்றி ஆரம்பித்தால் கையை உயர்த்த மாட்டார், தட்டோடு எழுந்து குழாயடிக்குப் போய்விடுவார்.

ஒருமுறை அவர் நேரம் கழித்து வந்தார். பஸ் பழுதா என்று கேட்டோம்.

"இல்லக்கா. பின் சீட்டுல ரெண்டு அம்மா, யாரோ ஒரு மருமக தீ வச்சுக்கிட்ட கதையை எடுத்தாக. நான் திருப்பத்தூர்ல எறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வாரேன்."

நாங்கள் சிரித்தோம். "எங்ககிட்டக் கையத் தூக்குறது பத்தாதுன்னு பஸ்ஸை விட்டே எறங்கிட்டீகளா சார்?" என்றேன். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகு பாட்டிலில் இருந்த தண்ணீரை முழுசாகக் குடித்தார். அது ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் என் மகள் காரைக்குடியில் கல்லூரி சேர்ந்திருந்தாள். நான் அவளை டவுன் பஸ்ஸில் ஏற விடவில்லை. மழையோ வெயிலோ கல்லூரி வாசலில் போய் நிற்பேன். அவள் சிநேகிதிகளின் அண்ணன் தம்பி யார், எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று விசாரிப்பேன். அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தாய் என்றால் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை, என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது சார் குறுக்கிட்டார்.

"அக்கா, ஒங்க மக எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன சார், நல்லா இருக்கா."

"மணி நாலாகப் போகுது. கண்ணு வாசலுக்கே போகுது ஒங்களுக்கு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இந்தப் பயம் ஒங்க மகளோடதா, இங்க வந்த பொண்ணுகளோடதா?" என்றார். "வாரவுக செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள வாராக. நீங்க போறப்ப ஒங்க செருப்புன்னு நெனச்சு அவுக செருப்பை மாட்டிக்கிட்டுப் போறீக. தெனம் ஒரு சோடி."

அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் பஸ்ஸில் வந்து இறங்கி, என்னைப் பார்த்து, "உடம்புக்கு முடியலையாம்மா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் நான் அவளை எவ்வளவு நெரித்திருக்கிறேன் என்பது தெரிந்தது. என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை செல்வி கேட்டாள். நாங்கள் அவரிடம் இறக்கி வைக்கிறோம், அவர் எங்கே இறக்கி வைப்பார்?

"எனக்கும் ஒருத்தர் இருந்தாக. வயசானவுக. ரொம்பக் கண்டிப்பு" என்றார். "மௌத்தாயிட்டாக. அவுக போனதுக்கப்பறம் ஆள் தேடணும்னு நெனக்கிறதுதான்." கொய்யாப்பழத்தை நான்காகப் பிளந்து எங்கள் பக்கம் தள்ளினார். பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வர வேண்டும். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமம். புருஷன் வெளிநாட்டில். புகுந்த வீட்டில் மூத்தவன் ஒருவன் செய்த கொடுமை கோர்ட்டு வரைக்கும் போயிருந்தது. முதல் சில மாதம் அவள் என் எதிரில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருப்பாள், அவ்வளவுதான். பிறகு சிறிது சிறிதாகப் பேசினாள். தனியாக வீடு பிடித்து மகளோடு இருந்தாள். தையல் மெஷின் ஒன்று வாங்கி ரவிக்கை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எனக்கே ஒரு ரவிக்கை தைத்துத் தருவதாகச் சொல்லி அளவு கேட்டாள். அப்படி வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நான் மறுத்தபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒரு நாள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். முகம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மகளைத் தன் தங்கை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். தையல் மெஷினையும் தங்கையிடமே கொடுத்துவிட்டாளாம். அதுவரை அவளிடம் பார்க்காத அமைதி. நான் அதைத் தேறுதல் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சார் வந்ததும் நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "சார், ஒரு நல்ல சேதி. அந்தப் பொண்ணு முகமே மாறிருச்சு. மகளைத் தங்கச்சி ஊருல சேத்தாச்சு, தையல் மெஷினைக்கூட..."

கை உயர்ந்தது.

"மெஷின் இருக்கட்டும்க்கா. ஒங்க மொகமும்தான் மாறியிருக்கு. அதைச் சொல்லுங்க. அவுக தேறணும்னு ஒங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

நல்ல கேள்வி. இன்றைக்கும் சொல்வேன், அவர் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி. எனக்கு ஒரு தங்கை இருந்தாள். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்து, எங்கள் வீட்டுப் பின் வாசற்படியில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்தே காலத்தைக் கழித்துப் போய்ச் சேர்ந்தவள். அவளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அன்று பேசினேன். மற்ற மூவரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அழுது முடித்தபோது மழை ஓய்ந்த மாதிரி இருந்தது. பாதியில் நின்ற வாக்கியத்தை யாரும் எடுக்கவில்லை. எனக்கும் அது நினைவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்ணின் தங்கை போன் செய்தாள். அக்கா தன்னை முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் பால் வாங்கிக் கொடுக்க வந்தவர் சந்தேகப்பட்டுக் கதவை உடைத்திருக்கிறார். உயிர் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சாருக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு மெஷின்னு ஏதோ சொன்னீகளே."

"ஆமா சார்."

"முழுசாச் சொல்லுங்க."

அவர் என்னிடம் முழுசாகச் சொல்லச் சொன்னது அதுதான் முதல் முறை. மகளை விட்டது, மெஷினைக் கொடுத்தது, பூ வைத்துக்கொண்டு வந்தது எல்லாவற்றையும் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்று சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கும் உறைத்தது. கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவளின் அமைதி அது. இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் வருடமே சொல்லித்தருகிற அறிகுறி.

"நான்தான கையத் தூக்குனேன்" என்றார்.

"சார், நானும்தான் நல்ல சேதின்னு சொன்னேன்."

"நீங்க சொல்ல வந்தீகக்கா. நான் விடலை." போனை வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை வருவாரோ மாட்டாரோ என்று இருந்தோம். வந்தார். கொய்யாப்பழம் இல்லை. உட்கார்ந்ததும், "எல்லாரும் இப்பப் பாக்குற ஆளுகளைப் பத்தி முழுசாச் சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செல்வி ஆரம்பித்தாள். அவர் முன்னால் சாய்ந்து கேட்டார். அவள் தயங்கினால், "அப்பறம்? அவன் என்ன செஞ்சான்? புள்ள என்ன சொல்லுச்சு?" என்று கேட்டு வாங்கினார். ஒருவர் முடித்ததும் அடுத்தவர். சாப்பாட்டு நேரம் தாண்டியது. அவர் முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை அரும்பி, உதடு காய்ந்து போயிருந்தது. தலைக்கு மேலே காத்தாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இடையில் எழுந்து குழாயடிக்குப் போனார். வாந்தி எடுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

"போதும் சார்" என்றாள் செல்வி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"போதும்னு நான் முடிவு பண்ணக் கூடாதும்மா. சொல்லுங்க."

அன்று அவரை நிறுத்தத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை. எங்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த எதுவும் அவருக்குச் செய்வதற்கு உதவவில்லை. நான் வாயைத் திறந்து, "சார், நீங்க எப்படி இருக்கீக?" என்று கேட்டேன். "நான் நல்லா இருக்கேன்க்கா, என்னைய விடுங்க" என்றார். எங்களிடம் அப்படி ஒரு பதிலை அவர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

இன்னும் இரண்டு முறை அப்படியே வந்தார். பிறகு வர இயலாது என்று மையத்துக்குச் சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாக ஒரு அம்மா கம்ப்யூட்டர் திரையில் வந்தார்கள். நல்லவர்கள், பொறுமையானவர்கள். நாங்கள் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்பார்கள். சாருக்கு போன் செய்தால், "பிறகு கூப்புடுறேன்க்கா" என்பார். கூப்பிட்டதில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். தங்கை ஊரில் இருந்துகொண்டே மறுபடி என்னிடம் வந்தாள். இந்த முறை மெதுவாக, பின்னால் பின்னால் போய்த்தான் முன்னால் வந்தாள். வெகு நாள் கழித்து, ஒருநாள் நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச முடிந்தபோது, நான் மெஷினைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா?" என்றாள். "அவ புள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட முடியாமக் கெடந்தா. எனக்குத் தச்சுத் தச்சு முதுகு வலி. கொஞ்ச நாள் வச்சுக்கடின்னு குடுத்தேன். அப்ப எனக்கு அந்த நெனப்பே இல்லக்கா. சத்தியமா நல்லாத்தான் இருந்தேன். சனிக்கிழமை எங்க வீட்டுக்காரருகிட்டருந்து போன் வந்துச்சு. கேசை வாபஸ் வாங்கு, இல்லாட்டி ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னாரு. அதுக்கப்பறந்தான்."

சார் எதற்காகத் தன்னை எரித்துக்கொண்டாரோ அது அறிகுறியே இல்லை. அவர் கையை உயர்த்தாமல் இருந்திருந்தாலும் புதன்கிழமை சனிக்கிழமையைக் கண்டிருக்க முடியாது. இதை அவருக்குச் சொல்லலாமா என்று அவளிடமே அனுமதி கேட்டேன். யார் என்று அவளுக்குத் தெரியாது. "என்னால ஒருத்தர் மனசு நொந்திருந்தாச் சொல்லுங்கக்கா" என்றாள்.

சார் தன் சொந்த ஊரான தேவகோட்டைக்கே வந்துவிட்டார், அவர் அத்தா காலத்துப் பாத்திரக்கடையில் அண்ணனோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். அண்ணன் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். என்னை யார் என்று சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த வேலையே தம்பிக்கு ஆகாதும்மா. படிச்ச புதுசுல மதுரையில ஆஸ்பத்திரியில தீக்காய வார்டுல இருந்தாப்ல. எரிஞ்சு போயிக் கெடக்குற பொம்பளைக கிட்ட உக்காந்து பேசுற வேலை. அதுக கடைசியாச் சொல்றதை இவர்தான் கேப்பாரு. அப்பல்லாம் வீட்டுக்கு வந்தா கறி திங்க மாட்டாப்ல, அடுப்படிப் பக்கம் வரமாட்டாப்ல. எங்கம்மா என்னடா பாத்த, சொல்லுடான்னு கெஞ்சுவாக. வாயைத் தொறந்ததே இல்ல. இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல."

பின் சீட்டில் பேசிய இரண்டு அம்மாக்களும் திருப்பத்தூரும் எனக்கு ஞாபகம் வந்தன. நாங்கள் சிரித்ததும். கதை வேண்டாம் என்று அவர் சொன்னதில் எவ்வளவு எங்களுக்காக, எவ்வளவு தனக்காக என்று அவருக்கே தெரிந்திருக்குமா? இரண்டுமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? தனக்கு வலித்த இடத்தில்தான் அவர் எங்களுக்கும் குடை பிடித்தார்.

சார் வந்தார். தலையில் தொப்பி, சட்டைக் கை மடிக்காமல் இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். என் மகளை விசாரித்தார். செல்விக்குக் கல்யாணம் ஆனதைக் கேட்டுத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். டீ வாங்கி வரச் சொன்னார். அண்ணன் எழுந்து உள்ளே போனதும் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மெஷின், தங்கையின் கஷ்டம், முதுகு வலி, சனிக்கிழமை வந்த போன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்காமல் கேட்டார். அவரைப் போலக் கேட்கிறவரை நான் பார்த்ததில்லை.

நான் முடித்ததும் கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்காக சார். தைக்கிறாக. மக கூடவே இருக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்." பிறகு மெதுவாகக் கேட்டார், "அக்கா, ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு அவுக அப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

நான் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. உள்ளே வருகிறவர்கள் எங்களைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள், நாங்கள் தாங்குவோமா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த வார்த்தையை எடுப்பார்கள், இதுவும் அவர் எங்களுக்குச் சொல்லித்தந்ததுதான்.

"திரும்பி வாங்க சார்" என்றேன். "எங்களுக்காக இல்லாட்டியும் வாங்க. இல்ல, நீங்க போய் யாருகிட்டயாவது உக்காருங்க."

"கேக்கவும் முடியலைக்கா, கேக்காம இருக்கவும் முடியலை. அப்படிப்பட்ட ஆளு அந்த நாற்காலியில எப்படி உக்கார்றது?" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. கடைக்கு வந்தவரிடம் சரக்கு இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அப்போது வளைகாப்புக்குச் சாமான் பார்க்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அவர் எழுந்து, "வாங்க, வாங்க, இங்குட்டு வாங்க" என்று அவர்களை அழைத்துப் போனார். வெகு நேரம் பேசினார். எவர்சில்வரின் கனம், பித்தளைக்கு ஈயம் பூசுவது, எந்த அடுக்கு எதற்கு ஆகும் என்று அவர்கள் கேட்காததையெல்லாம் விளக்கினார். நாங்கள் அவரோடு இருந்த அத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் காத்திருந்து பார்த்துவிட்டு, கை காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பெண் இப்போது எப்போதாவதுதான் வருகிறாள். தீபாவளிக்கு முன் வந்தாள், ரவிக்கைத் துணி மூட்டையோடு, நேரே பஸ் ஸ்டாண்டிலிருந்து. எதிரில் உட்கார்ந்து மகளின் மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மெஷினைப் பற்றி அன்றைக்கு நீ சொன்னது நிஜம்தானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அப்படிக் கேட்பது எனக்காகக் கேட்பது, அவளுக்காக இல்லை. என்னைத் தாங்குகிற வேலை அவளுக்கு இருக்கக் கூடாது. அதனால் கேட்கவில்லை என்று என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். அவள் ஒரு நொடி தயங்கிவிட்டால் அதற்குப் பிறகு சார் இருக்கிற தேவகோட்டைப் பக்கமே என்னால் போக முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.